வெள்ளம் வந்து சேரும் நேரம்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மழை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்திருந்தது. நான் பாய்மங்களின் இயக்கம் பற்றிய பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். குழாயின் குறுக்குப் பரப்பையும் நீரின் வேகத்தையும் பெருக்கினால், ஒரு விநாடியில் பாயும் நீரின் அளவு கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். மணலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர்.

"சார், சாத்தனூர்ல திறந்துவிட்ட தண்ணி எங்க ஊருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தச் சூத்திரத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதம் 2-ஆம் தேதி தென்பெண்ணை அவருடைய வீட்டிற்குள் புகுந்து, நெல் மூட்டைகளையும் பாடப் புத்தகங்களையும் நனைத்துவிட்டுப் போயிருந்தது என்பதை எல்லாரும் அறிவர். அன்று நான் அவருக்குச் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைத் தேடியபோது, அது மணலூர்பேட்டையில் மட்டும் இல்லை, சீனத்திலும் பீகாரிலும் மேட்டூரிலும் சிதறிக் கிடக்கிறது என்பது புரிந்தது. அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

நம் மலையும் நம் ஆறுகளும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் நீலக் கோடாகத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. இதன் கிழக்குச் சரிவில் விழும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணை 46 அடி உயரம் வரை நீரைத் தேக்கும்; கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. மணிமுத்தா அணையின் கொள்ளளவு சுமார் 736 மில்லியன் கன அடி.

மாவட்டத்தின் வடக்கே ஓடும் தென்பெண்ணையோ வெளியூர் ஆறு. கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருட்டிணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் ஓடிக் கடலூருக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. நம் மாவட்டத்தில் மணலூர்பேட்டையும் திருக்கோவலூரும் அதன் கரையில் உள்ளன.

திருக்கோவலூர் ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. சங்கப் புலவர் கபிலர் உயிர் நீத்த இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கபிலர் குன்று அதுவே. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இதனைக் குறிப்பிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக வந்த ஒவ்வொரு வெள்ளத்தையும் அந்தப் பாறை பார்த்திருக்கிறது. ஆனால், எந்த ஆண்டில் எவ்வளவு உயரத்திற்கு நீர் வந்தது என்பதை அதன்மேல் யாரும் குறித்து வைக்கவில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

வானில் ஓடும் ஆறு

ஆசியாவில் வெள்ளத்திற்குப் பெயர் போன ஆறு, சீனத்தின் மஞ்சள் ஆறு. ஏறத்தாழ 5,460 கிலோமீட்டர் நீளமுடைய இந்த ஆறு, வழியில் ஒரு பெரிய வண்டல் மண் மேட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு வருகிறது. காற்று கொண்டுவந்து குவித்த அந்த மண், மாவு போன்று மென்மையானது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 160 கோடி டன் மண்ணை இவ்வாறு சுமந்து வந்தது.

ஆறு எதனால் மண்ணைச் சுமக்கிறது? வேகத்தால். வேகம் குறைந்தால் சுமையை இறக்கி வைத்துவிடும். மலையிலிருந்து சமவெளிக்கு வந்ததும் மஞ்சள் ஆறு இதைத்தான் செய்தது. படுகை உயர்ந்தது. மக்கள் கரையை உயர்த்தினார்கள். படுகை மேலும் உயர்ந்தது, கரையும் உயர்ந்தது. இப்படியே நூற்றாண்டுகள் கழிந்தபின், கைபெங் நகருக்கு அருகே ஆற்றின் படுகை, சுற்றியுள்ள வயல்களைவிடப் பல மீட்டர் உயரத்தில் ஓடலாயிற்று. நம் ஊர் வாய்க்காலை வீட்டுக் கூரை உயரத்தில் கட்டி ஓடவிட்டது போன்ற நிலை அது. அத்தகைய ஆற்றின் கரை உடைந்தால் நீர் திரும்ப ஆற்றுக்கு வராது. தாழ்ந்த நிலத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும்.

கடந்த 2,500 ஆண்டுகளில் 1,500 முறைக்கு மேல் அதன் கரைகள் உடைந்தன. 1855-இல் ஆறு தன் பழைய வழியையே விட்டு விலகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே புதிய முகத்துவாரம் கண்டது. 1887 செப்டம்பரில் செங்சௌ நகருக்கு அருகே கரை உடைந்தபோது மாண்டவர்கள் குறைந்தது ஒன்பது இலட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1938 சூனில் படையெடுத்து வந்த சப்பானியரைத் தடுக்கச் சீனப் படையே கரையை வெட்டிவிட்டது. இயற்கை செய்யாததை மனிதன் செய்தான். பல இலட்சம் உழவர்கள் மடிந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டில் பான் சீசுன் என்னும் சீன அதிகாரி ஒரு புது வழியைச் சொன்னார். ஆற்றைக் குறுகிய கரைகளுக்கு இடையே விட்டால் வேகம் கூடும்; வேகம் கூடினால் ஆறு தன் வண்டலைத் தானே அரித்துச் செல்லும். நம் கரும்பலகைச் சூத்திரமும் அதையே கூறுகிறது. பரப்பு குறைந்தால் வேகம் மிகும். எண்ணம் சரியானதே, ஆயினும் ஆறு சுமந்து வந்த மண் அந்த எண்ணத்தைவிடப் பெரியதாக இருந்தது.

ஒரே ஆறு, மூன்று வெள்ளங்கள்

சீனத்தின் மற்றொரு பேராறு யாங்சி. 1931-இல் பனி உருகலும் அடுத்தடுத்து வந்த பெருமழையும் ஒன்று சேர்ந்தன. ஆகஸ்டு 19-இல் ஆங்கோ நகரில் நீர் மட்டம் வழக்கத்தைவிட 53 அடி உயர்ந்தது. நீரில் மூழ்கி இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் என்று அன்றைய ஆய்வு கணக்கிட்டது. பின்தொடர்ந்த பசியும் காலராவும் இன்னும் பல இலட்சம் பேரைக் கொண்டு சென்றன.

1954-இல் அதே ஆறு மீண்டும் பெருகியது. அதே நகரில் நீர் மட்டம் 1931-ஐக் காட்டிலும் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. இறந்தவர்கள் சுமார் முப்பதாயிரம் பேர். 1998-இல் ஏறத்தாழ அதே உயரத்திற்கு மறுபடியும் வெள்ளம் வந்தது. இம்முறை உயிரிழப்பு சில ஆயிரங்களில் நின்றது.

இந்த மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மாறவில்லை, நீரும் குறையவில்லை. நீர் தேங்க ஒதுக்கிய நிலங்களும், மேல்பகுதியிலிருந்து வந்த செய்தியும், கரையைக் காத்த கைகளுமே மாறின. வெள்ளம் இயற்கையின் செயல். அதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதோ பெரிதும் மனிதரின் செயல்.

கரை தந்த நம்பிக்கை

நம் நாட்டிற்கு வருவோம். பீகாரின் துயரம் என்று பெயர் பெற்ற கோசி ஆறு இமயத்தில் பிறந்து, நேபாளம் வழியாகச் சமவெளிக்கு வருகிறது. கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் இது நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. மஞ்சள் ஆற்றின் கதைதான். வண்டல், உயரும் படுகை, புதிய வழி. இதைத் தடுக்க இருபுறமும் நீண்ட கரைகள் எழுப்பப்பட்டன. அங்குள்ள தடுப்பணை விநாடிக்கு 9,50,000 கன அடி நீரைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது.

2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தில் குசகா என்னுமிடத்தில் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடியது எவ்வளவு? விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கன அடிதான். தாங்க வேண்டிய அளவில் ஆறில் ஒரு பங்கு! ஆறு பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட வழிகளில் மீண்டும் பாய்ந்தது. அந்த வழிகளில் இதற்குள் ஊர்கள் தோன்றியிருந்தன. முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் துன்புற்றனர். கரை இருக்கிறது என்ற நம்பிக்கையே அவர்களை அங்கே குடியேற்றியிருந்தது.

நிரம்பிய அணையும் வராத செய்தியும்

கரைகளின் குறை இது என்றால், அணைகளின் குறையை 1975 ஆகஸ்டில் சீனத்தின் எனான் மாநிலம் கண்டது. ஒரு புயல் உள்நாட்டிற்குள் நுழைந்து, நகராமல் நின்றுவிட்டது. ஓரிடத்தில் ஒரே நாளில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாஞ்சியாவ் என்னும் பெரிய அணை ஆகஸ்டு 8 அதிகாலையில் உடைந்தது. அந்த நீர் கீழேயிருந்த அணைகளையும் தகர்த்தது. மொத்தம் 62 அணைகள் அழிந்தன. வெள்ளத்தில் மட்டும் 26,000 பேர் இறந்தனர் என்பது அரசு கணக்கு. பசியாலும் நோயாலும் மடிந்தவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு உயரும்.

அணையை வடிவமைத்தபோதே மதகுகளின் எண்ணிக்கை போதாது என்று நீரியல் அறிஞர் சென் சிங் எச்சரித்திருந்தார். நீரைத் தேக்குவதில் இருந்த ஆர்வம், நீரை வெளியேற்றுவதில் இல்லை. அந்த இரவில் செய்தித் தொடர்பும் அறுந்து போனதால், கீழேயிருந்த ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

இங்கே ஓர் அடிப்படை முரண்பாடு இருக்கிறது. பாசனத்திற்கு அணை நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்கவோ அது காலியாக இருக்க வேண்டும். ஒரே பானையை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டு, இரண்டும் முழுமையாக நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 1924 சூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் தமிழகத்தை உலுக்கியது. அதே மாதம் கேரளமும் மூழ்கியது; கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, வெள்ளத்தை அடக்கவும் வேண்டும், பாசனத்திற்குச் சேமிக்கவும் வேண்டும் என்ற இரு பொறுப்புகளோடு பிறந்தது. நம் அணைகள் அனைத்திற்கும் இதுவே தலைவிதி.

2024 டிசம்பர் 2

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து விலகாமல் மெல்ல நகர்ந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பின்னர் உள்நாட்டிற்குள் நகர்ந்து, கிருட்டிணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. திருவண்ணாமலையில் மலைச் சரிவு மண் பெயர்ந்து விழுந்து ஏழு பேர் மாண்டனர்.

ஊத்தங்கரைப் பகுதியின் நீர் சாத்தனூர் அணைக்கு வந்து சேரும். 119 அடி உயரம் கொண்ட அந்த அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதி ஆதலால், அணை முன்பே நிரம்பும் நிலையை எட்டியிருந்தது. நீர் திறப்பு படிப்படியாக உயர்ந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடியைத் தொட்டது.

இந்த எண்ணின் பொருள் என்ன? ஒரு கன அடி நீர் 28 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை உடையது. அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 4,700 டன் நீர்! இதே வேகத்தில் நீர் வந்தால், காலியான சாத்தனூர் அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நம் கோமுகி அணையோ ஒரு மணி நேரத்திற்குள் நிரம்பிவிடும். கோசியின் கரை உடைந்த நாளில் அந்த இமயத்து ஆற்றில் ஓடிய நீரைவிட, அன்று நம் பெண்ணையில் ஓடியது அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்டது 29,000 கன அடி. அதைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேல் இது.

சாத்தனூருக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து, மூன்று மாதங்களுக்கு முன்பு திறக்கப்பட்ட பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அரசூர் அருகே வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையின் மேல் ஏறி ஓடியது. பாலத்தைச் சாய்ப்பது நீரின் எடையன்று, வேகமே. பாயும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடையோ வேகத்தின் ஆறாம் மடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் உருளும். தூணின் அடியில் உள்ள மண் எம்மாத்திரம்?

மனிதனின் நிலையையும் கணக்கிடலாம். இடுப்பளவு நீர், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அதில் நிற்பவர்மீது சுமார் 60 கிலோ எடைக்கு நிகரான விசை தாக்கும். மிதப்புவிசை அவரைத் தூக்குவதால் காலின் பிடிமானமும் குறையும். ஆகவே நீச்சல் தெரியும் என்று வெள்ளத்தில் இறங்குவது வீரமன்று, கணக்குத் தெரியாமை.

மாணவரின் கேள்விக்கு விடை

சாத்தனூரிலிருந்து மணலூர்பேட்டைக்கு ஆற்று வழியே தோராயமாக 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். பெருவெள்ளத்தில் நீரின் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், ஐந்தரை மணி நேரம் ஆகும். அன்று வகுப்பில் நான் சொன்ன விடை இதுவே. அது தவறு.

ஏனெனில், வெள்ளத்தின் 'அலை' நீரைவிட விரைவாக ஓடும். ஏற்கெனவே நீர் ஓடும் ஆற்றில் மேலும் நீரைத் திறந்தால், ஆழம் கூடுகிறது. ஆழம் கூடுவதால் வேகமும் கூடுகிறது. பின்னால் வரும் நீர் முன்னால் போவதைத் தள்ளிக்கொண்டே போகிறது. அகன்ற ஆற்றில் இந்த அலையின் வேகம், நீரின் சராசரி வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதாவது விநாடிக்கு 3 மீட்டர். அப்படியானால் மூன்றே முக்கால் மணி நேரத்தில் வெள்ளம் வாசலுக்கு வந்துவிடும். நான் சொன்ன கணக்கை நம்பி மூட்டை கட்டியவர், ஒன்றே முக்கால் மணி நேரம் ஏமாந்திருப்பார்.

உரிய எச்சரிக்கை விடப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் குறை கூறின; ஐந்து கட்டங்களாக எச்சரிக்கை விடப்பட்டது என்று அரசு தெரிவித்தது. அந்த வழக்கை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இயற்பியல் கூறும் ஓர் உண்மை இருக்கிறது. எச்சரிக்கை அணையை விட்டுப் புறப்படும் நேரம் வேறு. தூங்கும் மனிதரின் காதை அது அடையும் நேரம் வேறு. இந்த இரண்டிற்கும் இடையே போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மூன்றே முக்கால் மணி நேரத்திலிருந்து கழிகிறது. அதுவும் நள்ளிரவில், மின்சாரம் இல்லாத மழையில்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊத்தங்கரைக்கும் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கும் இடையே நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த மழைமேகம் அவ்வளவு தூரம் தள்ளி நின்றிருந்தால்? கிழக்குச் சரிவில் 100 சதுரக் கிலோமீட்டரில் மட்டும் 50 சென்டிமீட்டர் பெய்தது என்று கொள்வோம். விழும் நீர் சுமார் 1,760 மில்லியன் கன அடி. அதில் பாதியை மண்ணும் காடும் ஏரிகளும் பிடித்துக்கொண்டாலும், மீதி ஒன்றரை கோமுகி அணைக்குச் சமம். டிசம்பரில் அணை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதே வேகத்தில் அலை வந்து சேர ஒன்றரை மணி நேரமும் ஆகாது. மலையில் காடு நிலைத்திருப்பதும், கீழே ஏரிகளும் வரத்து வாய்க்கால்களும் தூர்ந்து போகாமல் இருப்பதும் அழகுக்காக அல்ல. அந்த ஒன்றரை மணியை இரண்டாகவும் மூன்றாகவும் நீட்டுவதற்காகவே.

ஒரு சிறு வேண்டுகோள்

யாங்சி ஆறு 1931-இலிருந்து 1998-க்குள் கற்றுத் தந்த பாடத்தின் முதல் வரி, நீர் மட்டத்தை அளந்து எழுதி வைப்பதுதான். எந்த உயரத்திற்கு நீர் வந்தது என்று தெரிந்தால்தான், எங்கே வீடு கட்டக்கூடாது, எந்தப் பள்ளிக்கூடத்தை அடைக்கலமாகக் கொள்ளலாம், எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்று சொல்ல முடியும். மக்களின் நினைவு ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. ஆறோ தன் பழைய வழியை மறப்பதேயில்லை.

திருத்திய கணக்கை மறுவாரம் அந்த மாணவரிடம் காட்டினேன். எழுதிக் கொண்டார். பொங்கல் விடுமுறையில் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் வெள்ளத்தின் சேற்றுக் கறை மார்பளவு உயரத்தில் இன்னும் இருந்தது. வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். மாணவரின் தந்தை அவரிடம், "எல்லாத்தையும் அடிச்சிடுப்பா, அந்தக் கோட்டை மட்டும் விட்டுடு" என்றார். கோட்டின் மேல் மாணவர் நீலச் சாயத்தில் எழுதி வைத்திருந்தார்: 2-12-2024.

ஆற்றங்கரை ஊர்களில் வாழும் மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் அந்தக் கறை இன்னும் அழியாமல் இருந்தால், அதன் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, பள்ளிச் சுவரிலோ கோயில் தூணிலோ தேதியோடு குறித்து வையுங்கள். முதியவர்களைக் கேட்டு, பழைய வெள்ளங்களின் உயரத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கபிலர் குன்றின்மேல் ஆயிரம் ஆண்டுகளாக யாரும் எழுதாமல் விட்ட வரலாற்றை நாமாவது எழுதத் தொடங்குவோம்.